பலாப் பலகை போட்ட கிற்றாருக்கு உரியவர்கள்

அன்பான என் ஊரவர்களுக்கு,

கடந்த சனிக்கிழமை இரவு, மண்டபத்தில் என்னுடைய பத்துப் பாட்டுகளையும் பாடி முடித்தபோது, நன்றி சொல்ல எழுதிக்கொண்டுபோன தாள் கையில்தான் இருந்தது. முதல் வரிசையில் அம்மா எழும்பி நின்றதைக் கண்டதும் தொண்டை அடைத்துவிட்டது. "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அன்று இரவு படுத்தும் நித்திரை வரவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக எத்தனையோ பேர் தூக்கிவிட்ட ஒருத்தி, அத்தனை பேருக்கும் இரண்டு சொல்லில் கணக்கை முடிப்பது சரியில்லை. அதனால்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிலிருந்து தொடங்குகிறேன். 2002 இல் போர்நிறுத்தம் வந்து பாதைகள் திறந்தன. எனக்கு அப்போது 13 வயது. கொழும்பிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர் திருக்கடலூரில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து கிற்றார் வாசித்துக் காட்டினார். அவர் போன பிறகு நான் ஈர்க்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழமை திரிந்தேனாம். அம்மா அப்போது தெருவில் இருபது பேர் சேர்ந்து போட்ட சீட்டில் இருந்தார். அந்த மாதம் அவருடைய முறை. கூரைக்குத் தகரம் மாற்றவென்று வைத்திருந்த காசு அது. தகரம் மாறவில்லை, கிற்றார் வந்தது. அந்த மாரிக்கு வீட்டுக்குள் ஏழு இடத்தில் ஒழுகியது. ஒவ்வோர் ஒழுக்குக்கும் கீழே சட்டி வைத்தது அம்மா. கிற்றார் இருந்த மூலையில் மட்டும் ஒழுகவில்லை, ஏனென்றால் ஒழுகாத ஒரே மூலையை அதற்குத்தான் கொடுத்திருந்தார். அம்மா, இதை நான் உங்களிடம் ஒருநாளும் நேரே சொன்னதில்லை. அந்தச் சட்டிகளில் தண்ணீர் விழுந்த சத்தம்தான் என் மூன்றாவது பாட்டின் தாளம்.

இனி பாலையூற்று அங்கிள். அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

அங்கிள் பாலையூற்றில் இருந்த தச்சுத் தொழிலாளி, பறங்கியர் குடும்பம். வீட்டுக்குள் பெரியவர்கள் தங்களுக்குள் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த தங்கள் பேச்சைப் பேசுவார்கள், எங்களோடு திருத்தமான திருகோணமலைத் தமிழ். கலியாண வீடுகளில் வயலின், மண்டலின், கிற்றார், றபான் எல்லாம் சேர்ந்து கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையை வாசித்த பரம்பரை. கிற்றாரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த என்னை அம்மாதான் அங்கே கூட்டிப்போய் விட்டார். முதல் மாதம் முழுக்கப் பாட்டே இல்லை. ஆறு கம்பியையும் தளர்த்திவிட்டு, "சரி பிள்ளை, சேர் பார்ப்போம்" என்பார். தடித்த கம்பியின் ஐந்தாவது பிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கட்டையில்) விரலை வைத்தால் எழும் ஒலிதான் அடுத்த கம்பியின் திறந்த ஒலி. அப்படியே ஒவ்வொன்றாகக் கீழே வரவேண்டும். மெல்லிய பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் கம்பியில் மட்டும் நாலாவது பிரெட். இன்றைக்குக் கைபேசியிலேயே சுருதி பார்க்கும் வசதி இருக்கிறது. என்றாலும் மேடையில் ஒரு கம்பி இறங்கினால் பாட்டை நிறுத்தாமலே காதால் பிடித்து ஏற்ற எனக்குத் தெரியும். அது அந்த ஒரு மாதத்தின் பலன்.

கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு ஒருநாள் அங்கிளிடம் போய்க் கேட்டேன். 1622 இல் நடந்தது, கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள் என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். சின்னப்பிள்ளை, யோசிக்காமல் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அது பெரிய பாவம் மகள். அந்தக் கப்பலில் வந்த வேறு சாமான்களும் இருக்கு, அதில ஒன்றைத்தான் நீ மடியில வைச்சிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு மண்டலினை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். கஃப்ரிஞ்ஞாவின் ஆறு எண்ணிக்கைத் தாளத்தை அன்றைக்குத்தான் முழுதாகப் பிடித்தேன்.

எங்கள் ஊர்ப் பரமேஷ், கோணேஷ் சகோதரர்களை இளமையில் மேடையில் பார்த்ததை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் பொப் என்ற துள்ளிசையைத் தமிழில் கொண்டுவந்த காலம் பற்றியும், அந்தத் தாளத்துக்குள் பைலா என்ற ஆட்டப்பாட்டு இருப்பது பற்றியும் அவர் சொல்லித்தான் கேட்டேன். நமக்கு முன்னால் இந்த மண்ணில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள், நான் வெறும் வெளியில் தொடங்கவில்லை என்ற தெம்பு அங்கிருந்து வந்தது.

2004 மார்கழி 26. சுனாமி வந்த அந்த நாளைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. நாங்கள் நான்கு பேரும் தப்பினோம். எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. மூன்றாம் நாள், கவிழ்ந்த வள்ளம் ஒன்றுக்குப் பக்கத்தில் மணலுக்குள் பாதி புதைந்து கிடந்த கிற்றாரை என் அண்ணா கண்டெடுத்தான். முன்பலகை பிரிந்து, பின்பலகை உடைந்து, கழுத்து மட்டும் நேராக இருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. அவ்வளவு சாவுக்குப் பிறகு ஒரு வாத்தியத்துக்காக அழுவது வெட்கமாக இருந்தது. முகாமுக்குத் தேடி வந்த அங்கிள்தான் ஒன்றும் பேசாமல் அதைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

என்ன செய்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முதலில் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி உப்பை எடுத்தார். வெயிலில் வைத்தால் பலகை முறுகிவிடும் என்று கட்டிலுக்குக் கீழே, நிழலில், இரண்டு மாதம் காயவிட்டார். உடைந்த பின்பலகைக்குப் பதிலாக ஒரு பழைய கட்டிலின் தலைமாட்டுப் பலாப் பலகையை எடுத்து, மூன்று மில்லிமீற்றர் மொத்தத்துக்கு இழைத்து, பக்கவாட்டுக்கு ஏற்ற மாதிரி வெட்டினார். ஒட்டுவதற்கு வச்சிரம். "ஏன் அங்கிள், புதுப் பசை இருக்கே" என்று கேட்டதற்கு, "வச்சிரம் எண்டால் சூடுகாட்டிப் பிரிக்கலாம் மகள். நாளைக்கு இன்னொருத்தன் திருத்த வேணுமே" என்றார். தன் காலத்துக்குப் பிறகு அதைத் திருத்தப் போகிறவனையும் அவர் அன்றைக்கே நினைத்திருக்கிறார்.

2005 சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் கிற்றார் என் மடிக்கு வந்தது. கூலி கேட்கவில்லை. பலாப் பலகையால் அதன் குரல் முன்னையதைவிடக் கனத்துப்போயிருந்தது, கீழ்க் கம்பிகளில் ஒரு முழக்கம் வந்து சேர்ந்திருந்தது. இந்தப் பத்துப் பாட்டும் அந்தக் கிற்றாரில் பதிவு செய்தவை. "எந்த நாட்டுக் கிற்றார் இது?" என்று சனிக்கிழமை என்னிடம் கேட்டவர்களே, அது பாலையூற்றுக் கிற்றார்.

கடலோரத்தில் வாத்தியம் வைத்திருப்பது எப்படி என்பதும் அவர் தந்த படிப்புத்தான். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புக் காற்றில் இரண்டு கிழமையில் துருப்பிடிக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் பலகை காய்ந்து வெடிக்கும், அதற்குச் சவுக்காரப் பெட்டியில் துளை போட்டு ஈரப் பஞ்சை வைத்து உறைக்குள் போட வேண்டும். மாரியில் நேர்மாறு. பலகை ஊதிக் கம்பிகள் உயரும், அப்போது ஒரு சின்னத் துணிப்பையில் வறுத்த அரிசி. என்னிடம் படிக்கும் பிள்ளைகள் எல்லாருடைய உறைக்குள்ளும் இன்றைக்கு அந்தச் சவுக்காரப் பெட்டி இருக்கிறது.

அங்கிள் 2016 இல் காலமானார். என் பாட்டுகளில் நான்கைத்தான் அவர் கேட்டார்.

சங்கீத ரீச்சருக்கு வருகிறேன். ரீச்சர், கிற்றார் பழகுகிற பிள்ளைக்கு வாய்ப்பாட்டு எதற்கு என்று வீட்டில் சிலர் கேட்டபோது "அனுப்பிப் பாருங்கோ" என்று சொன்னது நீங்கள். ஹோட்டல்களில் ஆண்கள் பாடிய பாட்டுகளை அவர்களுடைய சுருதியிலேயே பாடிப் பாடி என் குரல் கிழிந்து நின்றபோது, "உன்ர சுருதி ஐந்தரைக் கட்டை, அதை விட்டு ஏன் அலைகிறாய்?" என்று கேட்டீர்கள். முதலாவது பிரெட்டில் கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை) மாட்டி ஜி கோர்ட் பிடித்தால் சரியாக ஐந்தரைக் கட்டை. அவ்வளவு சின்ன மாற்றம். அன்றிலிருந்து தொண்டை நோகவில்லை. அங்கிளின் ஆறு எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு "இது எங்கட திஸ்ர நடைதானே" என்று நீங்கள் மூன்று மூன்றாகத் தொடையில் தட்டிக் காட்டியதுதான் என் பாட்டுகளின் இரண்டு பக்கத்தையும் ஒட்டிய வச்சிரம்.

சொற்களுக்கு நன்றி சொல்ல வேண்டியவர் எங்கள் தெருக்கோடித் தமிழ் வாத்தியார் ஐயா. என் முதல் பாட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் பாடினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பிள்ளை, மானம் வலிக்குது என்று ஏன் பாடினாய்?" என்றார். நான் எழுதியது "மனம்". மெட்டு இழுத்த இழுப்பில் குறில் நெடிலாகி, மனம் மானமாகிவிட்டது! மெட்டு நீளுகிற இடத்தில் நெடில் இருக்கிற சொல்லைப் போடு, குறிலை இழுக்காதே என்றார். சொன்னவுடன் விளங்கியது, கைவர மூன்று வருடம் எடுத்தது. அடுத்ததாக, "உன்ர அம்மம்மா பேசாத சொல் ஒன்றும் இதில வேண்டாம்" என்றார். பழைய பாட்டுகளில் கிடந்த நிலவையும் வானவில்லையும் அன்றைக்கே வெட்டினேன்.

அம்மம்மா பேசும் சொல் எங்கே கிடைக்கும்? கரைவலை இழுக்கிற இடத்தில். எங்கள் கடற்கரையில் விடியற்காலம் அம்பா பாடிக்கொண்டு வலை இழுக்கும் சம்மாட்டியாருக்கும் அவருடைய ஆட்களுக்கும் இந்த இடத்தில் கும்பிட்டு நன்றி சொல்கிறேன். ஒரு பொம்பிளைப் பிள்ளை கைபேசியை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றபோது ஒருவர்கூடக் கிண்டல் பண்ணவில்லை. "சும்மா நின்று கேட்டால் பிடிபடாது, கயிற்றைப் பிடி" என்றார்கள். பிடித்தேன். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அந்த இடைவெளியில்தான் மூச்சு எடுக்க வேண்டும், அந்த மூச்சில்தான் கால் பின்னுக்கு வைக்க வேண்டும். பாட்டு எங்கே மூச்சு விட வேண்டும் என்பது உடம்புக்குத் தெரிந்தது அப்படித்தான். ஆறாவது பாட்டில் கிற்றார் நின்று நின்று வருவது அதனால்.

ஓட்டோ நானாவை எல்லாருக்கும் தெரியும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்களில் நான் வாசித்த பத்து வருடமும், இரவு பதினொன்றானாலும் கேற் வாசலில் ஜமாலியாவில் இருந்து வந்து நின்ற ஓட்டோ அவருடையது. இரவில் கிற்றாரோடு வீட்டுக்கு வரும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று அப்பா கவலைப்பட்டபோது, நானாவே வீட்டுக்கு வந்து, "என்ர தங்கச்சி மாதிரி, நான் பொறுப்பு" என்றார். அதற்குப் பிறகு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நோன்பு காலத்தில் கஞ்சியைப் போத்தலில் கொண்டுவந்து தருவார். என் புதுப் பாட்டுகளுக்கு முதல் பரீட்சையும் அவர்தான். போகும்போது பாடிக் காட்டுவேன். திரும்பி வரும்போது அவர் தன்பாட்டில் முணுமுணுத்தால் பாட்டு நிற்கும். முணுமுணுக்காவிட்டால் அன்றிரவே திருத்தத் தொடங்கிவிடுவேன். நானா, உங்களுக்கு இது தெரியாது, ஏழு பாட்டை நீங்கள் விழுத்தியிருக்கிறீர்கள்!

ஹோட்டல் வாழ்க்கையைப் பற்றி வெளியே தெரியாத ஒன்று இருக்கிறது. எங்கள் கரையில் உல்லாசப் பயணிகள் சித்திரைக்குப் பிறகு வந்து புரட்டாசியோடு குறைவார்கள். மாரி தொடங்கினால் வேலை இல்லை. அந்த மாதங்களில் தெற்கே ஹிக்கடுவைப் பக்கம் போய் வாசிப்பேன், அங்கே அப்போதுதான் பருவம். காற்று மாறும் பக்கம் போகிற வாழ்க்கை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இரண்டு கரையும் வெறுமையாயின. 2020 இல் கொரோனா ஊரடங்கு. ஓர் இடத்தில் மூன்று மாதக் காசு கைக்கு வரவே இல்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூட மின்சாரம் நின்றது, கம்பி ஒரு செட் வாங்கக் கொழும்புக் கடைகளில் தேட வேண்டியிருந்தது. அந்த வருடங்களில் என்னைக் காப்பாற்றியது என்னிடம் படிக்க வந்த பிள்ளைகளின் அம்மாமார். காசு இல்லாத மாதங்களில் மீன், அரிசி, முருங்கைக்காய் என்று கொண்டுவந்து தந்தீர்கள். வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஆறு பிள்ளைகள் வட்டமாக இருந்து வாசித்த அந்த மாலைகளில்தான் கடைசி நான்கு பாட்டுகளும் வந்தன. ஹோட்டல் சமையலறை அண்ணாமாருக்கும் நன்றி. மேசைகளுக்கெல்லாம் போன பிறகு மிஞ்சியதை எனக்குத் தராமல், எனக்கென்று முதலே எடுத்து மூடி வைத்த தட்டுகளுக்காக.

சட்டத்தரணி அக்காவின் உதவியை இளம் ஆட்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். பாட்டுகளை வெளியிட முன்வந்த ஒருவர் எட்டுப் பக்க ஒப்பந்தம் ஒன்றைத் தந்தார். எனக்குச் சந்தோசம், கையெழுத்துப் போடப் பேனாவும் எடுத்துவிட்டேன். அக்கா வாங்கிப் படித்தார். வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு எல்லா உரிமையும் என்றென்றைக்கும் அவர்களுக்கு என்று ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பிரித்து வைத்து எனக்கு வகுப்பே எடுத்தார். பாட்டை ஆக்கிய கணத்திலேயே உரிமை எனக்கு வந்துவிடுகிறது, எங்கேயும் பதியத் தேவையில்லை, என் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 70 வருடத்துக்கும் அது இருக்கும். வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, பதிவுசெய்த ஒலிக்கு உள்ள உரிமை வேறு. அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தோம். பத்துப் பாட்டும் இன்று என்னுடையவை. தம்பி, தங்கச்சிமாரே, கையெழுத்துப் போடுவதற்கு முன் தயவுசெய்து யாரிடமாவது காட்டுங்கள்.

ஒலிப்பதிவுக்கு இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். பதிவுசெய்த சகோதரர் சிங்களவர். சிங்களத்தில் அண்ணனை "அய்யா" என்பார்கள், அப்படியே கூப்பிட்டேன். என்னை "நங்கி", அதாவது தங்கச்சி, என்றார். கிற்றாரின் துளைக்கு நேரே மைக் வைத்தால் பலாவின் முழக்கம் எல்லாவற்றையும் மூடுகிறது என்று கண்டுபிடித்து, கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து ஓர் அடி தூரத்தில் வைத்தார். ஒரு சொல் தமிழ் தெரியாத அவர், நான் ஒரு வரியை மனமில்லாமல் பாடியதை மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகப் பிடித்தார். "நங்கி, இன்னொரு தரம்" என்பார். அய்யா, அந்த எட்டு நாளும் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்ததற்கு நன்றி. அங்கிளின் கதையைச் சொன்னபோது கிற்றாரைத் திருப்பிப் பின்பலகையைக் கையால் தடவிப் பார்த்தீர்களே, அதற்கும்.

செலவில் பாதியை முன்கூட்டியே தந்த ரொறன்ரோ, லண்டன் உறவுகளுக்கு நன்றி. இணையத்தில் ஆயிரம் தரம் ஒரு பாட்டை யாராவது கேட்டாலும் அதில் வரும் காசுக்கு ஒரு செட் கம்பி வாங்க முடியாது. நீங்கள் தந்தது இல்லாவிட்டால் இந்தப் பாட்டுகள் கைபேசிக்குள்ளேயே கிடந்திருக்கும். நாற்காலி அடுக்கிய இளைஞர் மன்றத் தம்பிமாருக்கும், மின்விசிறி வேலை செய்யாத மண்டபத்தில் கடைசிப் பாட்டு வரை இருந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. அழைப்பு வந்து சேராதவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த மாதத்துக்குள் வீடு வீடாக வருகிறேன்.

முதலில் பாலையூற்று. அன்ரி, ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டில் இருங்கோ. அங்கிளின் மண்டலின் சுவரில் கம்பி இல்லாமல் தொங்குவதாகச் சனிக்கிழமை சொன்னீர்கள். எட்டுக் கம்பியும் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கிற்றார்ப் பிள்ளை
திருக்கடலூர், திருகோணமலை